நெல்லைக் கடித்துப் பார்த்தவர்

கலியாண வீட்டில் அந்த அக்காவிடம் சாப்பாடு எப்படி என்று கேட்கக் கூடாது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். சுவிஸில், ஆரா நகரில் நடந்த ஒரு கலியாணத்தில் பெண்ணின் தகப்பனுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. பட்டு வேட்டி சரசரக்க மேசை மேசையாக வந்து, "எல்லாம் திருப்தியோ?" என்று விசாரித்துக்கொண்டிருந்தவர் எங்கள் மேசையிலும் நின்றார்.

அக்கா தட்டிலிருந்து ஒரேயொரு சோற்றுப் பருக்கையை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைத்தார். கண்ணை மூடினார். சுற்றியிருந்த நாங்கள் மெல்லுவதை நிறுத்தினோம்.

"கறியள் எல்லாம் திறம், அண்ணை," என்றார். "சோறுதான் பாவம்."

"ஏன் தங்கச்சி, குழைஞ்சு போச்சோ?"

"சமைச்ச ஆக்களிலை பிழை இல்லை. இது மழைக்குள்ளை வெட்டின நெல். ஈரத்தோடை குவிச்சு மூடி வைச்சிருக்கினம். உள்ளுக்குக் கிடந்து வேர்த்திருக்கு. அந்த மணம்தான் இது."

எந்த நாட்டில் எந்த மழையில் வெட்டிய நெல்லோ, அதற்கும் தானே பொறுப்பு என்பதுபோல் அந்த மனிதர் முழித்தார். அடுத்த மேசைகளில் அவர் திருப்தியைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐஸ்கிரீம் எடுத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஆராவிலிருந்து பிரெஞ்சு பேசும் ஃப்ரிபூர்க்குக்குக் குடிவந்த பிறகுதான் அக்காவைத் தெரியும். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருவருக்கும் வேலை. எனக்கு ஜெர்மன் வரும், பிரெஞ்சு வராது. அக்காவுக்குப் பிரெஞ்சு வரும், ஜெர்மன் வராது. ஒரே நாட்டில் இவ்வளவு காலம் இருந்தும் ஆளுக்குப் பாதி நாடுதான் விளங்கியது. அதனால் எங்கே போனாலும் இருவராகப் போவது வசதி. அக்காவின் கணவர் இதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு சுவிஸ்காரன்" என்பார்.

அக்கா அரிசிகளுக்குப் பெயர் வைத்திருந்தார். கடையில் எழுதியிருக்கிற பெயர்கள் அல்ல, இவருடைய பெயர்கள். மழையில் அகப்பட்ட நெல்லிலிருந்து வந்தது 'அழுத அரிசி'. சுடுகாற்றை ஊதிப் படபடவென்று காயவைத்தது 'அவசரப்பட்ட அரிசி'. அது கொதிநீரைக் கண்டதும் வெடித்துப் பிளந்துவிடும். ஈரம் போகாமல் மூட்டை கட்டியது 'மூச்சு முட்டின அரிசி'. ஆலையில் அளவுக்கு மிஞ்சித் தீட்டி வெள்ளை வெளேர் என்று வந்தது 'தோலுரிச்ச அரிசி'. இந்தப் பெயர்கள் மெல்ல மெல்ல மனிதர்களுக்கும் போய் ஒட்டிக்கொண்டன. எங்கள் தலைமைச் சமையற்காரர் காலை ஏழு மணிக்கே கத்தத் தொடங்கினால், "அவசரப்பட்ட அரிசி, விடும் தம்பி" என்பார். கோயில் விழாவில் மேடையேறி ஒரு மணி நேரம் பேசிய பெரியவர் ஒருவரைப் பற்றி, "நல்லாத் தீட்டியிருக்கு. தவிடும் இல்லை, சத்தும் இல்லை" என்றார். இப்படியான பேச்சைக் கேட்பதென்றால் நான் சம்பளம் இல்லாமலும் வேலைக்கு வருவேன்.

தமிழ்க் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அக்கா பேருந்தால் இறங்குவதைக் கண்ணாடிக்குள்ளால் கண்டதும், "டேய், அந்தக் கட்டுடைஞ்ச மூட்டையை உள்ளுக்கு இழு" என்று கத்துவார். அக்கா நேரே போய் அரிசி மூட்டைக்குள் கையை முழங்கைவரை விடுவார். வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்ப்பார். அதில் ஒட்டியிருக்கிற தூள் எவ்வளவு, தவிடா மாவா என்று பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார்.

"அக்கா, அரிசி வாங்க வந்தனீங்களோ, வைத்தியம் பார்க்க வந்தனீங்களோ?"

"நோயாளியை ஏன் கடையிலை வைச்சிருக்கிறீர்?"

"போன கிழமைதானே வந்தது. புத்தம் புதுசு."

"அதுதான் சொல்லுறன். புது அரிசி பசைபோலை ஒட்டும். ஒரு வருசம் கிடக்க விட்டிட்டு விற்றால் பொலபொலவெண்டு வரும்."

"ஒரு வருசம் கிடக்க விட்டால் என்ரை கடையும் பொலபொலவெண்டு போயிடும், அக்கா."

இருவருக்கும் இதில் ஒரு சந்தோசம் இருந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் அந்த அரிசியைத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

இப்படியெல்லாம் சொல்கிறவரைக் கண்டால் பயமாகத்தானே இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் ஒருநாளும் சமைத்தவரைக் குறை சொன்னதில்லை. லோசானில் புதிதாகக் கலியாணம் முடித்து வந்த ஒரு பெண், முதன்முதலாக எங்களை வீட்டுக்கு அழைத்துச் சமைத்தாள். சோறு களியாகிவிட்டது. பானையைத் திறந்தபோதே அவளுடைய கண் நிறைந்துவிட்டது. அக்கா பருக்கையைத் தேடி எடுக்க வழியில்லாமல் ஒரு கரண்டியை அப்படியே வாயில் வைத்தார்.

"எங்கை பிள்ளை வாங்கினனீ இந்த அரிசி?"

அவள் கடையின் பெயரைச் சொன்னாள்.

"அதுதானே பார்த்தன். இது வயலிலையே பிழைச்சுப்போன அரிசி. கதிர் பால்பிடிக்கிற நேரம் தண்ணி காணாது. பாதி மணி முற்றேல்லை. இதை ஆர் சமைச்சாலும் இப்பிடித்தான் வரும். நான் சமைச்சாலும் இப்பிடித்தான் வரும்."

இரண்டு தட்டுச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது ரயிலில் நான் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, உண்மையிலை அந்த அரிசியிலை பிழையோ? தண்ணி கூடிப்போச்சு எண்டுதான் நான் நினைச்சன்."

"அங்கை எங்கையோ இருக்கிற வயல்காரன் இதைக் கேட்கப்போறானோ? அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. பிள்ளை இண்டைக்கு நித்திரை கொள்ளும்."

அக்காவின் முழு வித்தையும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பழியெல்லாம் கடல் கடந்து போய், முகம் தெரியாத ஒரு வயலில் இறங்கிவிடும்.

அந்த வயல் ஒருநாள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது.

கொரோனா முகமூடிகள் கழன்ற பின் வந்த ஒரு கோடை. முர்ட்டன் ஏரிப் பக்கம் பண்ணை வாசல்களில் மரக்கறி விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் லீக்ஸும் பீட்ரூட்டும் வாங்க அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் சோளம், உருளைக்கிழங்கு, மறுபடி சோளம். திடீரென்று அக்கா என் தோளில் அடித்தார்.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும் காரை!"

நாய் ஏதும் குறுக்கே போய்விட்டதோ என்று பிரேக்கை அழுத்தினேன். அக்கா கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீருக்குள் பச்சைப் பசேலென்று நெல். பின்னால் ஏரி, அதற்குப் பின்னால் திராட்சைத் தோட்ட மலை. அக்கா வரம்பில் நின்று கைகளைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"இது இஞ்சை என்ன செய்யுது?" என்று என்னைக் கேட்டார், சொந்தக்காரர் யாரோ அறிவிக்காமல் விமானத்தில் வந்து இறங்கியதுபோல.

அப்படித்தான் ரெகுலா எங்களுக்கு அறிமுகமானாள். நாற்பது வயதிருக்கும், முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. அந்தத் தாழ்ந்த துண்டில் எப்போதும் தண்ணீர் நின்று உருளைக்கிழங்கு அழுகுகிறது என்பதால், இத்தாலியிலிருந்து விதை எடுத்து நெல் போட்டிருந்தாள். முதல் வருடம். மாமனாருக்கு இதில் நம்பிக்கை இல்லை. இந்த ஒரு விளைச்சல் சரிவராவிட்டால் அந்தத் துண்டைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விடுவதென்று வீட்டில் பேச்சு. ஏரிக்கரை உணவகம் ஒன்றின் சமையற்காரர், அரிசி உடையாமல் முழுதாக வந்தால் ரிசோட்டோ என்கிற இத்தாலியக் குழைசோற்றுக்கு அவ்வளவையும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் ரெகுலா ஜெர்மனில் சொல்ல, நான் தமிழாக்கினேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, "நான் நெல்லுக்குள்ளை வளர்ந்தனான் எண்டு சொல்லும்" என்றார்.

சொன்னேன். ரெகுலாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நெல்லைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஓர் ஆள் இல்லை. தண்ணீர் எப்போது வடிப்பது, களை எது பயிர் எது என்று எல்லாம் கணினியைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தவள். வானத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்து வரம்பில் வெறுங்காலோடு நிற்கிறார்.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். அக்கா இடியப்பம் கொண்டுபோவார், ரெகுலா செர்ரிப் பழம் தருவாள். கதிர் வந்தது. பழுத்தது. செப்டம்பர் முடிகிற நேரம் ரெகுலா தொலைபேசியில் கூப்பிட்டாள். அறுவடை இயந்திரக்காரர் அடுத்த நாள் வரலாம் என்கிறார், அதற்குப் பிறகு அவர் சோளம் வெட்டப் போய்விடுவார், என்ன செய்வது என்று கேட்டாள்.

போனோம். வயல் பொன்னிறமாக இருந்தது; கதிர்களின் அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. அக்கா ஒரு நெல்லை உருவி உமி நீக்கிப் பல்லில் வைத்தார். கண்ணை மூடினார்.

"காஞ்சது இன்னும் காணாது," என்றார் அக்கா. "மெதுமெதுவெண்டு நசியுது. பல்லிலை வைச்சால் 'டிக்' எண்டு உடையவேணும். நல்லாக் காயவிட்டு வெட்டச் சொல்லும்."

நான் மொழிபெயர்த்தேன். ரெகுலா இயந்திரக்காரரைத் திருப்பி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒக்டோபர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மிச்சம் தெரியும். காலையில் ஏரியிலிருந்து மூடுபனி எழும்பி வயலை மூடும். மத்தியானம் வெயில் வரும். மாலையில் மறுபடி பனி. இயந்திரக்காரர் சோளத்தை முடித்துக்கொண்டு வந்து சேர இரண்டு கிழமைக்கு மேலாயிற்று. அக்கா கடித்துப் பார்த்தார். 'டிக்' என்றது. "இப்ப சரி" என்றார். வெட்டினார்கள்.

ரெகுலா ஒரு பகுதியை ஆலைக்கு அனுப்பினாள். அது திரும்பி வந்த அன்று எங்களை வரச் சொன்னாள். சமையலறை மேசையில் அரிசி குவிந்திருந்தது. அரிசி என்று சொல்வதா? பாதிக்கு மேல் உடைந்த குறுணல். ரெகுலா ஒரு முழு அரிசியை எடுத்துக் கைபேசியின் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கண்ணாடிபோல் இருந்த அரிசிக்குள் குறுக்கே மயிர்போல் ஒரு கோடு. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் கோடு.

"ஆலைக்காரர் விளக்கினார்," என்றாள். "பகலில் வறண்டு, இரவில் பனியைக் குடித்து ஊதி, மறுநாள் மறுபடி வறண்டிருக்கிறது. உமிக்குள்ளேயே வெடித்துவிட்டதாம். கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே வெட்டியிருக்கவேண்டும் என்கிறார். சமையற்காரர் இதை எடுக்கமாட்டார்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமனார் அடுப்பருகே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார், பக்கத்தைத் திருப்பவில்லை.

நான் தமிழில் சொன்னேன். அக்கா அந்த அரிசியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பல்லில் வைக்கவில்லை. மேசையில் திரும்ப வைத்துவிட்டு எழுந்தார். வணக்கம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தோம்.

அக்கா பேசாத கார் எனக்குப் பழக்கம் இல்லை. வானொலியைப் போட்டேன், நிறுத்தினேன். கிராமத்து ரவுண்டபவுட் வந்தது.

"திருப்பும்," என்றார்.

"என்ன அக்கா, கைப்பையை விட்டிட்டீங்களோ?"

"திருப்பும் தம்பி. ஒரு கதை சொல்லவேணும் அவளுக்கு."

திரும்பிப் போனோம். ரெகுலா அதே மேசையில் அதே குவியலுக்கு முன்னால் இருந்தாள். அக்கா உட்காரவில்லை.

"சொல்லும்," என்றார் என்னிடம். "என்ரை அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்கு வயல் இருந்தது, ஆனால் வேறை ஆக்கள்தான் செய்தவை. நான் வயலுக்கை இறங்கினதே இல்லை. அட்டை கடிக்குமெண்டு பயம். நெல்லு வண்டிலிலை வந்து எங்கடை முற்றத்திலை இறங்கும். அதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அவிக்கிறது, காயவைக்கிறது, பல்லிலை கடிச்சுப் பார்த்து ஆலைக்கு அனுப்புறது. அந்த 'டிக்' முற்றத்திலை பார்க்கிற சோதனை. நான் அதைக் கொண்டுபோய் நிக்கிற பயிரிலை பார்த்திட்டன்."

நான் ஜெர்மனில் தொடங்கினேன். ஊர்ப் பழக்கங்கள் வேறு, காலநிலையும் வேறு, அதனால் ஒரு சிறிய...

"என்ன சொல்லுறீர்?" என்று அக்கா இடைமறித்தார். "நான் சொன்னது இவ்வளவு நீளமில்லையே."

"கொஞ்சம் மரியாதையாச் சொல்லுறன், அக்கா."

"மரியாதை வேண்டாம். பிழை என்ரை எண்டு சொல்லும். அட்டையையும் சொல்லும்."

அட்டையையும் சொன்னேன். ரெகுலாவின் வாயோரம் கோணியது. "என் தண்ணீரிலும் அட்டை இருந்தது," என்றாள். "எனக்கும் பிடிக்கவில்லை."

"மிச்ச நெல் எங்கை?" என்றார் அக்கா. "உமியோடை இருக்கோ?"

இருந்தது. களஞ்சியத்தில், ஆலைக்குப் போகாத பெரும்பகுதி.

"அப்ப கேளும். உடைஞ்சதை ஒட்டேலாது. உமிக்குள்ளை வெடிச்சு நிக்கிறதை ஒட்டலாம். ஊறவைச்சு ஆவியிலை அவிச்சால் உள்ளுக்கு மா இளகி வெடிப்பு மூடும். பிறகு ஆறுதலாக் காயவிட்டால் கல்லுமாதிரி. எங்கடை ஊரிலை புழுங்கல் எண்டு சொல்லுறது. இந்த இத்தாலி நெல்லுக்குச் சரிவருமோ தெரியாது. ஒரு சட்டி கொண்டுபோய் வீட்டிலை பார்க்கிறன். சரிவந்தால் சொல்லுறன். சரிவராட்டிலும் சொல்லுறன்."

அந்த ஒரு சட்டி நெல் அக்காவின் மாடிக் கட்டடத்தையே கலக்கியது. ஊறவைத்தார். புட்டுப் பானையில் அவித்தார். உமி லேசாக வாய் திறந்ததும் இறக்கினார். காயவைக்க இடம்? கட்டடத்துக்கே பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் கொடிகளுக்குக் கீழே படுக்கை விரிப்பைப் போட்டுப் பரப்பிவிட்டார். அன்று அவருடைய முறைதான், அட்டவணைப்படி சரி. ஆனால் எதிர்வீட்டு மூதாட்டி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே ஏதாவது இறந்து கிடக்கிறதா என்று கேட்டாராம். "இல்லை மதாம், உயிர் வருது" என்று அக்கா பிரெஞ்சில் சொன்னதாக அவருடைய கணவர் பின்னர் சத்தியம் செய்தார். அக்கா வெயிலிலும் போடவில்லை, ஹீட்டர் மேலும் போடவில்லை. ஈரம் மெல்லத்தான் போகவேண்டும், விரட்டினால் மறுபடி வெடிக்கும் என்று மணிக்கொருதரம் போய்க் கையால் அளைந்துவிட்டு வந்தார். காய்ந்ததும் கல்லுரலில் ஒரு பிடி போட்டுக் குத்தினார். முழு அரிசி. தேன் நிறம். என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னது ஒரு சொல்தான்: "ஒட்டிட்டுது."

ஒரு சட்டி சரி. களஞ்சியம் நிறைய இருக்கிற நெல்லை எதில் அவிப்பது? அந்தக் கேள்வியை ரெகுலாவின் சமையலறையில் கேட்டபோது, அதுவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசாத மாமனார் எழுந்து வெளியே போனார். தார்ப்பாய் ஒன்றை இழுத்தார். கீழே ஒரு ராட்சதக் கொப்பரை. அந்தக் காலத்தில் பன்றிகளுக்கு உருளைக்கிழங்கு அவித்த ஆவிக் கொதிகலன், சக்கரத்தோடு. ஒரு மனிதர் தன் இளமையைத் தார்ப்பாய்க்குக் கீழே மூடி வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் தேய்த்துக் கழுவினார். விறகு வைத்தார். ஆவி சீறியபோது அவர் போட்ட சத்தம் மொழிபெயர்ப்புக்கு அடங்காது.

நெல்லைத் திராட்சை அறுவடைத் தொட்டிகளில் ஊறவைத்தோம். கொப்பரையில் அவித்தோம். களஞ்சியத் தளத்தில், புல் காய்வதற்குக் குளிர்காற்று ஊதுகிற பெரிய மின்விசிறிக்கு முன்னால் பரப்பினோம். அக்கா காலுறையோடு நெல்லுக்குள் இறங்கி, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து வரி போட்டார். ரெகுலாவும் அவருக்குப் பின்னால் அப்படியே நடந்தாள்.

"கேளும் அவளை, அட்டை ஏதும் கடிக்குதோ எண்டு."

"இல்லையாம் அக்கா."

"அப்ப நடக்கச் சொல்லும். அந்த மூலை இன்னும் வேர்த்துக் கிடக்கு."

பல நாள் பிடித்தது. பூஞ்சணம் பிடித்துவிடுமோ என்று ஒவ்வொரு காலையும் அக்கா வேலைக்கு வரமுன் ரெகுலாவுக்குத் தொலைபேசி எடுத்து, தன் பிரெஞ்சில் "மணம்? மணம்?" என்று கேட்பார், ரெகுலா தன் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் "நல்லது, நல்லது" என்பாள். எனக்குத் தெரிந்தவரை அவர்கள் இருவரும் நான் இல்லாமல் நடத்திய முதல் உரையாடல் அதுதான். கடைசியில் அக்கா ஒரு நெல்லைக் கடித்தார். 'டிக்' என்றது. இம்முறை அது கேட்கவேண்டிய இடத்தில் கேட்டது. ஆலைக்குப் போனது. வந்ததைச் சமையலறை மேசையில் கொட்டினார்கள். எல்லாம் முழுது என்று சொல்லமாட்டேன். ஆனால் குறுணலைத் தேடித்தான் பொறுக்கவேண்டியிருந்தது.

கதை இங்கே சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். உணவகத்துச் சமையற்காரர் அதில் ரிசோட்டோ கிண்டிப் பார்த்தார். அவித்த அரிசி பசையை விடாதல்லவா! அவர் கிண்டக் கிண்ட அது தனித்தனியாக நின்று அவரைப் பார்த்தது. "நல்ல அரிசி, ஆனால் பிடிவாதம் பிடிக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "எங்கடை ஆள்தானே" என்றார்.

பிறகு என்ன, அக்கா மூட்டையோடு தமிழ்க் கடைக்குப் போனார். கடைக்காரர் இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருடம் கடை நடத்தியிருப்பார். மெதுவாகச் சட்டைக் கையை மடித்தார். கையை முழங்கைவரை விட்டார். உள்ளங்கையைப் பார்த்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"சோதிச்சுப் பார்த்தன், அக்கா. ஆள் கொஞ்சம் கட்டை."

"ஓம்."

"நிறமும் ஒரு மாதிரி."

"ஓம். வைச்சு விற்பீரோ, மாட்டீரோ?"

"விற்பன். ஆனால் சாப்பிட்டுப்போட்டு ஆரும் குறை சொன்னால் ஆரைச் சொல்ல? வயல்காரனையோ?"

"என்னைச் சொல்லும்," என்றார் அக்கா. "எனக்குத் தொலைபேசி இருக்கு."

'முர்ட்டன் புழுங்கல்' என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். ஆராவிலிருந்தும் லோசானிலிருந்தும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். சிலர் கஞ்சிக்குத் திறம் என்றார்கள், சிலர் புட்டுக்கு இடித்தார்கள், ஒருவர் பிள்ளைகளுக்குக் காட்ட என்று வாங்கிக்கொண்டு போனார். ரெகுலாவின் மாமனார் ஒரு தட்டுச் சோற்றில் சீஸ் உருக்கி ஊற்றி, பக்கத்தில் ஆப்பிள் மசியலும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த முறை கொப்பரைக்கு இன்னும் விறகு வேண்டும்" என்றார். குத்தகைப் பேச்சு அதோடு நின்றது.

அக்கா இப்போது லண்டனில் மகளோடு இருக்கிறார். ஃப்ரிபூர்க்கை விட்டுப் போகமுன் இன்னும் ஓர் அறுவடை பார்த்தார். ரெகுலா ஈரம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தாள். வயலின் நான்கு பக்கமும் போய்க் கதிர் எடுத்துப் பார்த்தாள். அடிக் கதிரில் இன்னும் பச்சை தெரிந்த நாள். வெயில் இளசாக இருந்தது. இயந்திரம் வரம்போரம் உறுமிக்கொண்டு நின்றது.

அக்கா ஒரு நெல்லை உருவி வைத்திருந்தார். இரண்டு விரலுக்கும் நடுவில் உருட்டினார். வாய் வரைக்கும் கை போனதைக் கண்டேன். ரெகுலாவும் கண்டாள். அக்கா அந்த நெல்லைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

ரெகுலா இயந்திரக்காரருக்குக் கையைக் காட்டினாள். இயந்திரம் வயலுக்குள் இறங்கியது. முதல் வரிசை சரிந்து உள்ளே போனது. அவள் அதன் பின்னாலேயே நடந்தாள்.

அக்கா என் முழங்கையை இடித்தார்.

"தம்பி, வெட்டட்டும் எண்டு அவளுக்குச் சொல்லும்."

"அவள் வெட்டத் தொடங்கிட்டாள், அக்கா."

"தெரியும். நீர் சொல்லும்."

இரண்டு கையையும் வாயில் குவித்து ஜெர்மனில் கத்தினேன். இயந்திரத்தின் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. தூரத்தில் ரெகுலா திரும்பாமல், தொப்பியை மட்டும் கழற்றித் தூசியைத் தட்டினாள்.

"கேட்டிட்டாள்," என்றார் அக்கா.